அமால்ஃபி கடற்கரைக்கு ஒரு நாள், தனி வண்டியில்: இந்தத் திட்டம் சரிப்படுமா?

மயிலை_மீனா
வணக்கம். செப்டம்பர் கடைசியில இத்தாலியில நேப்பிள்ஸ் போறோம். அம்மா, அப்பா, நான், கணவர், 12 வயசுப் பையன். அப்பா சரித்திர வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவர். வெனிஸ், ஜெனோவா எல்லாம் தலையெடுக்கறதுக்கு முன்னாடியே அமால்ஃபி கடல் வாணிபத்துல கொடிகட்டிப் பறந்த ஊருன்னு வருஷக்கணக்கா சொல்லிக்கிட்டு இருக்கார். அம்மாவுக்கு முழங்கால் வலி. பஸ்ல நின்னுக்கிட்டு வர முடியாது. அதனால ஒரு நாள் தனி வண்டி போட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டோம்.

ஒரு நிறுவனம் அனுப்பின திட்டம் இது: காலை 8 மணிக்கு நேப்பிள்ஸ், பொம்பேய், சோரெண்டோ, பொசிட்டானோ, அமால்ஃபி, ராவெல்லோ, மாலை 6 மணிக்குத் திரும்ப ஓட்டல். "ஆங்கிலம் பேசும் டிரைவர்-வழிகாட்டி" உண்டாம். நாங்க சைவம், அதையும் கவனிச்சுக்கறோம்னு சொல்றாங்க. போய்ட்டு வந்தவங்க யாராவது சொல்லுங்களேன், இது நடக்கிற காரியமா?

கடலோடி
மீனா, நடக்காது. வண்டி அத்தனை ஊரையும் தொட்டுவிடும். நீங்கள் ஒன்றையும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பொம்பேய் மட்டும் சுமார் 66 ஹெக்டேர். தோண்டி எடுத்த பகுதியே அதில் மூன்றில் இரண்டு பங்கு. அரை நாள் கொடுத்தாலும் போதாத இடம் அது. அதற்குப் பிறகு சோரெண்டோவைத் தாண்டினால் மலைச்சாலை. அந்தப் பாதை அப்போது நேப்பிள்ஸை ஆண்ட போர்பன் அரசர்கள் காலத்தில், 19ஆம் நூற்றாண்டில், பாறையை வெட்டிப் போட்டது. அதற்கு முன் அந்த ஊர்களுக்குக் கடல் வழியும் கழுதைப் பாதையும்தான். இன்றும் பல இடங்களில் எதிரே பஸ் வந்தால் ஒருவர் பின்வாங்கித்தான் ஆகவேண்டும். சோரெண்டோவிலிருந்து அமால்ஃபி 30 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் கூட்ட நாளில் ஒன்றரை மணி நேரம் சாதாரணம். உங்கள் பத்து மணி நேரத்தில் பாதிக்கு மேல் வண்டிக்குள்ளேயே கழியும். வால்பாறை ஏறும்போது தலைசுற்றுகிறவர் யாராவது வீட்டில் இருந்தால் இந்தச் சாலைக்கும் மாத்திரையோடு போங்கள்.

இன்னொன்று இதைவிட முக்கியம். "டிரைவர்-வழிகாட்டி" என்ற சொல்லைப் பார்த்ததும் நின்று கேளுங்கள். இத்தாலியில் வண்டி ஓட்டுவதற்கு ஓர் உரிமம், வரலாற்றுச் சின்னங்களுக்குள் நின்று விளக்குவதற்கு வேறோர் உரிமம். டிரைவர் வழியில் பேசிக்கொண்டு வருவார், நல்ல மனிதராகவும் இருப்பார். ஆனால் பேராலய வாசலில் உங்களை இறக்கிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். உங்கள் அப்பாவுக்கு வேண்டியது அந்த வாசலுக்கு உள்ளே இருக்கிறது. உரிமம் பெற்ற வழிகாட்டி தனியாக உண்டா, எந்தெந்த இடத்தில் கூட வருவார் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

யாழ்_நாப்போலி
கடலோடி அண்ணை சொல்லுறது முழுக்க உண்மை. நான் இஞ்ச கனகாலமா இருக்கிறன், வாற சொந்தக்காரரை எல்லாம் அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போற வேலை எனக்குத்தான். மீனா அக்கா, நாப்போலியில (நேப்பிள்ஸுக்கு இஞ்சத்தைப் பேர்) இருந்து சோரெண்டோ வழியா போகாமல் வேற பாதையும் இருக்கு. அங்ரி எண்ட இடத்தில மோட்டார்வேயை விட்டு இறங்கி, கியூன்சி கணவாய் ஏறி, திராமோந்தி ஊருக்குள்ளால இறங்கினால் நேர மயோரியும் ராவெல்லோவும் வரும். உள்ளூர்ச் சாரதிமார் சனம் கூடின நாளில அந்தப் பாதையைத்தான் பிடிப்பினம். நீங்கள் பேசுற ஆளிட்ட "கியூன்சி வழியா போவீங்களோ" எண்டு ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ. பதில்ல அவருக்கு இடம் தெரியுமோ இல்லையோ எண்டு விளங்கிடும்.

வேகன்_ரவி
ஏன் தனி வண்டிக்கு அவ்வளவு கொடுக்கணும்? ஒரு சின்ன கார் வாடகைக்கு எடுத்தா நம்ம இஷ்டத்துக்கு நிறுத்தலாமே.

யாழ்_நாப்போலி
ரவி அண்ணை, இஷ்டத்துக்கு நிப்பாட்ட அங்க இடமில்லை, அதுதான் பிரச்சினை. சாலை ஓரமெல்லாம் மதில். பார்க்கிங் கிடைச்சாலும் மணிக்கணக்கில காசு. அதோட இலக்கத் தகடு விதி ஒண்டு இருக்கு. ஓகஸ்ட் முழுக்கவும், ஜூன் நடுவில இருந்து செப்டம்பர் முடிய வார இறுதியளிலும் பகல் 10 மணியில இருந்து 6 மணி வரைக்கும் ஒற்றை இலக்க வண்டிக்கு ஒரு நாள், இரட்டை இலக்க வண்டிக்கு மற்ற நாள். வாடகைக் காரையும் மறிப்பினம். டாக்சிக்கும், அனுமதியோட ஓடுற சாரதி வண்டிக்கும் விலக்கு இருக்கு. மீனா அக்கா செப்டம்பரில வாறா. சனி ஞாயிறு எண்டால் இது கட்டாயம் யோசிக்க வேண்டிய விசயம்.

ரயில்_சிநேகன்
நான் எதிர்க்கட்சி. அஞ்சு பேர் போனாலும் தனி வண்டி தேவையே இல்லைங்கறது என் கருத்து. நேப்பிள்ஸ்ல இருந்து சலேர்னோவுக்கு வேக ரயில்ல முக்கால் மணி நேரம்கூட ஆகாது. சலேர்னோ ஸ்டேஷனுக்கு எதிர்லயே கொஞ்ச தூரத்துல படகுத்துறை. அமால்ஃபிக்கு 35 நிமிஷம். மலைக்கும் கடலுக்கும் நடுவுல அந்த ஊர் எப்படி ஒட்டிக்கிட்டு இருக்குன்னு கடல்ல இருந்து பார்த்தாதான் தெரியும், சாலையில இருந்து தெரியாது. நமக்குக் கிடைச்ச விலையெல்லாம் 8 மணி நேர வண்டிக்கு 400 யூரோவுல ஆரம்பிச்சு 600 வரைக்கும். ஆள் கணக்கு இல்ல, வண்டி கணக்குதான், ஒத்துக்கறேன். ஆனா அந்தக் காசுல பாதிக்கு மேல டீசலுக்கும் டோலுக்கும் டிராஃபிக்ல நிக்கறதுக்கும்தானே போகுது?

கடலோடி
சிநேகன் சொன்னதில் பாதியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு மீனாவின் அம்மா இருக்கிறார். ராவெல்லோ கடல் மட்டத்திலிருந்து 350 மீட்டர் உயரத்தில். அமால்ஃபியிலிருந்து அங்கே போகும் சின்ன பஸ்ஸுக்கு மதியம் வெயிலில் வரிசை நின்று, உட்கார இடம் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்க முழங்கால் வலிக்காரரால் முடியாது.

ஆகவே இரண்டையும் சேர்ப்போம். காலையில் ரயிலில் சலேர்னோ, படகில் அமால்ஃபி. வழிகாட்டி அமால்ஃபி படகுத்துறையில் காத்திருக்கட்டும், மூன்று மணி நேரத்துக்கு அவர். பகல் ஒரு மணிக்கு வண்டி அமால்ஃபிக்கு வரட்டும். ராவெல்லோ ஏறிச் சாப்பிட்டு, ஆர அமரப் பார்த்து, இறங்கி மினோரி, சேத்தாரா வழியாகக் கிழக்கே சலேர்னோவுக்கு. அரை நாள் வண்டிதான், காசும் குறையும். இத்தாலியில் வலப்பக்கம் ஓட்டுவதால் மேற்கிலிருந்து கிழக்கே வரும் வண்டி கடலை ஒட்டிய பக்கத்தில் வரும். அம்மாவை வலது ஜன்னலில் உட்கார வையுங்கள்.

இந்தக் கடற்கரையில் நான் யாருக்கும் சொல்வது ஒன்றுதான். வண்டியைச் சுருக்கி, அந்தக் காசை விஷயம் தெரிந்த மனிதருக்குக் கொடுங்கள். தங்கும் இடமும் வண்டியும் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அமால்ஃபியின் சரித்திரத்தை எடுத்துச் சொல்ல ஆள் இல்லையென்றால் எலுமிச்சைப் படம் போட்ட தட்டு வாங்கிக்கொண்டு திரும்பும் ஊராகத்தான் அது தெரியும்.

கோவை_கீதா
பொசிட்டானோவை இப்படி மொத்தமா கழட்டி விட்டுட்டீங்களே! அந்தப் படங்களைப் பார்த்துத்தானே எல்லாருமே கிளம்பறாங்க. மலைச்சரிவுல அடுக்கடுக்கா வீடு, கீழ கடற்கரை… எனக்கு அந்த இடம் அவ்வளவு பிடிச்சுது.

கடலோடி
கீதா, அழகில் குறை சொல்லவே இல்லை. ஆனால் ஊர் முழுவதும் படிக்கட்டு. வண்டி மேலேயே நின்றுவிடும். மீனாவின் அம்மா மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வண்டிக்குத் திரும்ப வேண்டியதுதான். பையனுக்கு ஆசை இருந்தால் இன்னொரு நாள் படகில் போய்க் கடலிலிருந்து பார்க்கட்டும். அங்கேயும் சரித்திரம் கேட்கிறவருக்கு ஒன்று உண்டு: தேவாலயத்துக்கு அடியில் எரிமலைச் சாம்பலில் புதைந்திருந்த ரோமானிய மாளிகையின் சுவரோவியங்கள். நேரம் பதிவு செய்துகொண்டு போகவேண்டும்.

சாந்தோம்_ஆரோக்கியம்
மீனா சிஸ்டர், நான் யாத்திரையாப் போனேன். இந்தக் கடற்கரையில ரெண்டு அப்போஸ்தலர்கள் இருக்காங்கன்னு நிறைய பேருக்குத் தெரியறதில்ல. அமால்ஃபி பேராலயத்துக்கு அடியில புனித அந்திரேயா. நாலாம் சிலுவைப் போருக்குப் பிறகு கான்ஸ்டான்டினோபிள்ல இருந்து 1208ல அவரோட எலும்புகளைக் கொண்டு வந்தாங்க. சலேர்னோ பேராலயத்துக்கு அடியில புனித மத்தேயு, அவரோட எலும்புகள் அந்த ஊருக்கு வந்தது 954ல. நம்ம தோமையாருடையது இத்தாலியோட அடுத்த கரையில, ஏட்ரியாடிக் பக்கம் ஒர்த்தோனாவுல. சாந்தோம் கல்லறையில முழங்கால் போட்டு வளர்ந்தவன் நான். தோமையாரோட ஒண்ணா நடந்தவங்க ரெண்டு பேரு ஒரே நாள்ல எட்டுற தூரத்துல இருக்காங்கன்னு நினைச்சப்போ அங்க என்னால பேசவே முடியல.

சலேர்னோவுல அடித்தளத்துல மத்தேயுவோட வெண்கலச் சிலை முன்பக்கமும் பின்பக்கமும் ரெண்டு உருவமா முதுகு ஒட்டி இருக்கும். ரெண்டு பக்கமும் பீடம், ரெண்டு பக்கம் நின்னு ஜெபிக்கறவங்களையும் அவர் பார்க்கறார். முற்றத்தைச் சுத்தித் தூண்களைப் பாருங்க, பழைய ரோமானியக் கட்டடங்கள்ல இருந்து எடுத்து நட்டது. போப் ஏழாம் கிரகோரி 1085ல அந்த ஊர்லதான் இறந்தார், கல்லறை உள்ளேயே இருக்கு. ஸ்டேஷன்ல இருந்து நடந்து போயிடலாம். தோளும் முட்டியும் மூடின துணி போட்டுக்கிட்டுப் போங்க.

மயிலை_மீனா
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இதையெல்லாம் அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன், இப்ப அவர் என்னைவிட வேகமா இருக்கார். மூணு சந்தேகம். அமால்ஃபி கோவிலுக்குப் படி நிறைய இருக்குன்னு படத்துல தெரியுது, அம்மா என்ன பண்றது? சைவச் சாப்பாடு? வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கறப்போ நல்லவரான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

கடலோடி
படிகள் 62. செங்குத்துதான். அம்மா ஏறவேண்டாம் என்று நினைத்தால் கீழே சதுக்கத்தில் உட்காரட்டும். 1830இல் தொடங்கிய பான்ஸா இனிப்புக் கடை படிக்கட்டின் அடியிலேயே இருக்கிறது. எலுமிச்சைக் கிரீம் நிரப்பிய கேக் ஒன்றை வைத்துக்கொண்டு அங்கிருந்தே கோவில் முகப்பை முழுவதும் பார்க்கலாம். அந்தக் கோடுபோட்ட முகப்பு பழையது அல்ல. 1861இல் சரிந்து விழுந்ததைப் பிறகு கட்டியது. பழையது கதவு. ராவெல்லோவில் கவலை இல்லை. வில்லா ருஃபோலோ என்ற தோட்ட மாளிகையின் வாசல் சதுக்கத்திலேயே. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் 1880இல் வந்து தன் இசைநாடகத்தின் மாயத் தோட்டத்தை இங்கே கண்டுகொண்டதாகச் சொன்ன இடம் அதுதான். வில்லா சிம்ப்ரோனேக்குச் சற்று நடக்கவேண்டும், படியும் உண்டு, விட்டுவிடுங்கள்.

வழிகாட்டிக்கு ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். அமால்ஃபி கடற்கரை முகப்பில் ஃப்ளாவியோ ஜோயா என்பவருக்குச் சிலை இருக்கிறது, திசைகாட்டியைக் கண்டுபிடித்தவர் என்று. முன்கூட்டியே பேசும்போது அவரைப் பற்றிக் கேளுங்கள். "அவர்தான் கண்டுபிடித்தார்" என்று முடித்தால் வேறு ஆளைப் பாருங்கள். அப்படி ஒருவர் வாழ்ந்தாரா என்பதே ஐயம், ஆனால் காந்த ஊசியைக் கடலோட்டத்துக்குப் பழக்கப்படுத்தியதில் அமால்ஃபி மாலுமிகளுக்குப் பங்கு உண்டு என்று பிரித்துச் சொல்கிறவர் உங்கள் அப்பாவுக்கு ஏற்றவர்.

நெய்தல்
சாப்பாட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சேத்தாரா மீனவர் ஊர். அங்கே நெத்திலி வகை மீனை மார்ச் கடைசியிலிருந்து ஜூலை வரை பிடித்து, சின்ன மரத் தொட்டியில் உப்பும் மீனுமாக அடுக்கி, மேலே கல் வைத்து மாதக்கணக்கில் விடுவார்கள். கடைசியில் சொட்டுச் சொட்டாக இறங்கும் அம்பர் நிறச் சாறுதான் கொலாத்தூரா. ரோமானியர்களின் மீன்சாற்றுக்கு வாரிசு என்பார்கள். அதைப் பூண்டு, எண்ணெயோடு ஸ்பகெட்டியில் கலந்து கொடுத்தால் தட்டில் மீன் கண்ணுக்கே தெரியாது. எனக்கு உயிர், உங்களுக்கு ஆகாது. "கொலாத்தூரா", "அலிச்சி" (அந்த நெத்திலி) இரண்டு சொல்லும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பார்மிஜானோ சீஸ் உறைய வைக்கக் கன்றின் வயிற்று நொதி சேர்ப்பார்கள், அதுவும் கூடாதென்றால் தக்காளி, துளசி, எண்ணெய் போட்ட பாஸ்தா கேளுங்கள். பில்லில் தலைக்கு இவ்வளவு என்று "கொப்பேர்த்தோ" இருக்கும். ஏமாற்று இல்லை, மேஜைக் கட்டணம்.

அப்பா சரித்திரம் என்றதால் என் வாக்கு பேஸ்டமுக்கு. சலேர்னோவிலிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டர். கிரேக்கர்கள் போசெய்டோனியா என்று குடியேறிய ஊர். கி.மு. 6, 5ஆம் நூற்றாண்டுக் கோவில்கள் மூன்று, தூண் தூணாக நிற்கின்றன. சமதரை, அம்மாவுக்கும் சுலபம். 1968இல் கிடைத்த கல்லறை ஒன்றின் மூடியில் ஒரு மனிதன் தண்ணீரில் பாய்கிற ஓவியம் இருக்கிறது. அதற்காகவே போகலாம்.

ரயில்_சிநேகன்
பேஸ்டமுக்கு ரயில் நிக்கும், தனி வண்டி வேண்டாம் :) ஆனா அது தனி நாள். இந்த நாள்ல திணிக்காதீங்க. கடல் கொந்தளிச்சா படகை ரத்து பண்ணிடுவாங்க, செப்டம்பர் கடைசியில அதுக்கு வாய்ப்பு உண்டு. அப்படி ஆனா வண்டி சலேர்னோ ஸ்டேஷனுக்கே வரணும்னு முதல்லயே பேசிக்கோங்க.

கடலோடி
ஆமாம், திணிக்கவேண்டாம். நேப்பிள்ஸிலேயே தொல்பொருள் அருங்காட்சியகத்தில் உங்கள் அப்பா அவசியம் பார்க்கவேண்டிய ஒன்று: பொம்பேயில் 1938இல் கிடைத்த இந்தியத் தந்தச் சிற்பம். லட்சுமி என்றார்கள், யட்சி என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். முசிறியில் ஏற்றிய மிளகு அலெக்சாந்திரியா வழியாக இறங்கியது இதே வளைகுடாவின் பொட்சுவோலித் துறைமுகத்தில்தான்.

மயிலை_மீனா
போய்ட்டு வந்துட்டோம்! சொன்னபடியே ரயில், படகு, வழிகாட்டி, அரை நாள் வண்டி. படகு கிளம்பிச்சு, கடல் சாதுவா இருந்தது.

வழிகாட்டி அந்த ஊர் அம்மா, ஐம்பது வயசு இருக்கும். ஜோயா கேள்விக்கு ஃபோன்லயே சிரிச்சுட்டு, "எங்க பாட்டிக்கு அவர் உண்மை, எனக்கு அவர் கதை"ன்னாங்க. அப்பவே முடிவு பண்ணிட்டோம். படகுல இருந்து இறங்கினதும் கோவிலுக்குக் கூட்டிப் போகல. முதல்ல பழைய கப்பல் கட்டும் கூடத்துக்குப் போனோம். கல் வளைவுகள் வரிசையா போய் சட்டுனு முடிஞ்சுடுது. "இதுக்கப்புறம் இருந்ததைக் கடல் எடுத்துக்கிட்டுது"ன்னாங்க. 1343 நவம்பர்ல வந்த பெரும் கடல்சீற்றம், நேப்பிள்ஸ்ல இருந்த கவிஞர் பெட்ரார்க்கா அதைக் கடிதத்துல எழுதியிருக்காராம். அப்பா உடனே "கடல்கோள்"னார். 839ல தனி நாடானது, 1073ல நார்மானியர் கைக்குப் போனது, 1135லயும் 1137லயும் பைசா நகரத்துக்காரங்க வந்து சூறையாடினது, எல்லாத்தையும் அந்தக் கூடத்துல நின்னே கேட்டோம். ஊரோட சொத்தெல்லாம் கப்பல்தான், கப்பலுக்கு வீடு இதுதான்னு புரிஞ்சப்புறம் மத்ததெல்லாம் தானா விளங்கிச்சு.

அப்புறம் படி ஏறிக் கதவு. 11ஆம் நூற்றாண்டுல கான்ஸ்டான்டினோபிள்ல வார்த்துக் கப்பல்ல கொண்டு வந்த வெண்கலக் கதவு. காசு கொடுத்த வணிகர் பன்தலேயோனே பேர் அதுலயே பொறிச்சிருக்கு. நடுவுல நாலு பலகையில கிறிஸ்து, மரியாள், அந்திரேயா, பேதுரு. வெள்ளி பதிச்ச கோடுகள், இப்ப ரொம்ப தேய்ஞ்சு போச்சு. அந்தம்மா பையனைப் பக்கவாட்டுல இருந்து பார்க்கச் சொன்னாங்க. நேரா நின்னா வெறும் கறுப்பு, சாய்ஞ்சு பார்த்தா வெளிச்சத்துல மெல்லிசா உருவம் தெரியுது. உள்ள "சொர்க்க முற்றம்"னு சொல்ற முற்றத்துல ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னின வெள்ளை வளைவுகள், அரபு நாட்டுத் தொடர்புக்கு அதுவே சாட்சின்னாங்க. ஜெருசலேம்ல அமால்ஃபி வணிகர்கள் யாத்ரீகர்களுக்காக நடத்தின ஆஸ்பத்திரியில இருந்துதான் பின்னால மால்டா வீரர்கள் சபை வந்ததுன்னும் சொன்னாங்க.

பையனுக்குப் பிடிச்சது காகித ஆலை. பள்ளத்தாக்குல மேல, பழைய ஆலையையே அருங்காட்சியகமா வச்சிருக்காங்க. தண்ணி திறந்து விட்டதும் சக்கரம் சுத்தி, ஆணி அடிச்ச மரச் சம்மட்டிங்க தொட்டியில இருக்கற கந்தல் துணியை மாத்தி மாத்தி இடிக்குது. அவனே சல்லடைச் சட்டத்தை முக்கி ஒரு தாள் எடுத்தான். வெளிச்சத்துல பிடிச்சா நீர்க்குறி தெரியுது. காகிதம் பண்ற வித்தை அரபு வணிகர்கள் மூலமா வந்ததுன்னு கேட்டதும் அப்பா அந்தம்மாவை விடவே இல்ல, பேசிக்கிட்டே நடந்தார்.

அம்மா கீழ உட்கார்ந்து ரெண்டு எலுமிச்சைக் கேக் சாப்பிட்டாங்க, படி ஏறலைன்னு வருத்தமே இல்ல. ராவெல்லோ அவங்களுக்குத்தான். ருஃபோலோ தோட்டத்து மதில்கிட்ட பெஞ்சு, கீழ ரெட்டைக் குவிமாடத்தோட சின்னக் கோவில், அதுக்கும் கீழ கடல். முக்கால் மணி நேரம் யாரையும் கூப்பிடல. டிரைவர் தம்பி மினோரியில ரோமானிய மாளிகை வாசல்லயே இறக்கி விட்டார். கடைசியில சலேர்னோவுல மத்தேயுவைப் பார்த்துட்டு ரயில் ஏறினோம். ஆரோக்கியம் அண்ணா, ரெண்டு பக்கமும் நின்னு பார்த்தோம், உங்களை நினைச்சுக்கிட்டோம்.

சாந்தோம்_ஆரோக்கியம்
படிக்கப் படிக்க மனசு நிறைஞ்சுது, சிஸ்டர். எங்க பங்குல இருந்து சின்னக் குழுவா நவம்பர் 30 அந்திரேயா திருநாளுக்கே போகலாம்னு பேச்சு. சிலையைத் தோள்ல தூக்கிக்கிட்டு அந்தப் படியில ஓடியே ஏறுவாங்களாம். அப்ப படகு ஓடுமா?

யாழ்_நாப்போலி
இல்லை அண்ணை. வழமையான படகுச் சேவை நவம்பர் தொடக்கத்தோட நிண்டுடும். சலேர்னோவில இருந்து பஸ், இல்லாட்டி வாகனம்தான். திருநாள் அண்டைக்கு ஊருக்குள்ள வாகனம் விடுறது கஷ்டம், அத்ரானியில இறங்கி நடைச் சுரங்கத்தால அமால்ஃபிக்கு நடக்கலாம், அஞ்சாறு நிமிஷம், சமதரை. இருப்பிடத்தை இப்பவே பதிஞ்சு வையுங்கோ, அந்தக் காலத்தில கன ஹோட்டல் பூட்டி இருக்கும். வழிகாட்டி அம்மான்ர இலக்கத்தை மீனா அக்கா தனி மடலில அனுப்பினால் நல்லது.

மயிலை_மீனா
அவங்ககிட்ட கேட்டுட்டு அனுப்பறேன்.